தப்பிய மீனின் கணக்கு

ஆர்தர் எடிங்டன் 1938-ல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் ஆற்றிய உரைகள் மறு ஆண்டு ‘இயற்பியல் அறிவியலின் தத்துவம்’ என்னும் பொருள்படும் தலைப்பில் நூலாக வந்தன. அதில் ஒரு மீன் கதை உண்டு. மீன்களை ஆராயும் ஒருவர் கடலில் வலை வீசுகிறார். அகப்பட்டதையெல்லாம் அளந்து பார்த்து இரண்டு விதிகளை அறிவிக்கிறார்: இரண்டு அங்குலத்துக்குக் குறைந்த கடல் உயிர் எதுவும் இல்லை, எல்லாக் கடல் உயிர்களுக்கும் செவுள் உண்டு. பக்கத்தில் நிற்பவர், உங்கள் வலையின் கண்ணியே இரண்டு அங்குலம்தானே என்கிறார். ஆய்வாளர் அசரவில்லை. என் வலையில் சிக்காதது என் துறையில் மீனே இல்லை என்று சொல்லிவிடுகிறார்.

எண்பது ஆண்டுகளைத் தாண்டியும் இந்தக் கதை ஓய்ந்தபாடில்லை. அறிவியலின் எல்லை பற்றிப் பேச வருகிறவர்கள் எடுத்ததும் கையில் எடுப்பது இதைத்தான். கருவி அனுமதிப்பதை மட்டுமே அறிவியல் அறியும், மிச்சம் அதன் கையில் இல்லை என்பதற்கு இது ஆதாரம் போலவே ஆகிவிட்டது. தமிழ் மேடைகளிலும் கேட்டிருக்கிறேன், கைதட்டலோடு.

எனக்கு இந்தக் கதையில் ஒரு புகார் உண்டு. எடிங்டனின் ஆள் மீன் ஆய்வாளர், மீனவர் அல்ல. வலை எங்கிருந்து வந்தது, யார் பின்னியது, ஏன் இரண்டு அங்குலம் என்ற கேள்விகள் கதையில் எழுவதே இல்லை. எடிங்டன் காட்ட வந்ததும் அந்தக் குருட்டுத்தனத்தைத்தான் என்று வாதாடலாம். ஆனால் கதை கைமாறிக் கைமாறி வந்ததில் அந்த ஆய்வாளர் மொத்த அறிவியலுக்குமே பிரதிநிதி ஆகிவிட்டார். கருவி செய்கிறவர்களை அவருடைய சாடையில் வரைவது சரியில்லை. அவர்களுடைய வேலையில் பெரும்பகுதி, எது தப்பும் என்று கணக்குப் போடுவது.

என் அம்மா பிறந்த ஊர் பழவேற்காட்டுக் குப்பங்களில் ஒன்று. நான் படித்தது பொறியியல், பிழைப்பது மென்பொருளில். துகள் இயற்பியல் டிடெக்டர்களின் வடிவமைப்பு அறிக்கைகளை வாசிப்பது சில ஆண்டுகளாக எனக்குப் பொழுதுபோக்கு. இந்த இரண்டு இடங்களிலிருந்தும் பார்த்தால் எடிங்டனின் கதை எங்கே இற்றுப்போகிறது என்பது தெரியும்.

முதலில் ஏரி. சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. பெரும்பகுதி ஆந்திரத்தில், தென்கோடி நம் திருவள்ளூர் மாவட்டத்தில். கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா. மழைக்காலத்தில் ஆரணியாறும் காளங்கியும் நன்னீர் கொண்டுவரும். முகத்துவாரம் வழியாகக் கடல் உள்ளே வந்து போகும். கோடையில் முகத்துவாரம் மணல் மூடிக் குறுகும், சில ஆண்டுகளில் அடைந்தே போகும். இறால் கடலில் முட்டையிடும். குஞ்சுகள் ஏரிக்குள் வந்து வளரும். வளர்ந்தவை நீர் வற்றும் போக்கோடு கடலுக்குத் திரும்பும். ஆக, ஏரிக்கு ஒரு வாசல் இருக்கிறது. வாசலில் யார் எப்போது வருவார், எப்போது போவார் என்று தெரிந்தவருக்குத்தான் அங்கே வேலை.

அந்த வாசலை ஒட்டிய ஓடைகளில் கழி நட்டுச் சுத்துவலை கட்டும் உரிமைக்கு ‘பாடு’ என்று பெயர். கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்களின் தலைக்கட்டுகள் முறை வைத்துக்கொண்டு இடம் மாறி மாறித் தொழில் செய்யும் ஏற்பாடு. நல்ல இடம் ஒருவருக்கே நிலைத்துவிடக் கூடாது என்பதால் முறை. இதைச் சமூக ஏற்பாடாக மட்டும் பார்த்து எழுதியிருக்கிறார்கள். எனக்கு இதில் ஒரு அளவையியலும் தெரிகிறது. ஒரே வலை இடம் மாறும்போது, பிடி குறைந்தது வலையாலா இடத்தாலா என்று பிரித்துப் பார்க்க முடிகிறது. ஒரே இடத்தில் பலர் வலை மாறும்போது ஆளின் கைத்திறனையும் கழித்துப் பார்க்கலாம். யாரும் நோட்டுப் போட்டு எழுதுவதில்லை, ஆனால் ஒப்பீடு நடந்துகொண்டே இருக்கிறது.

வலை பொத்திக்கொண்டிருந்த மாமாவிடம் ஒருமுறை, “இந்த வலைக்கு இன்னா மீன் மாமா?” என்று கேட்டேன். “மீனுக்குத்தான் வலை போடுவாங்க மாப்ள, வலைக்கு மீனு போடமாட்டாங்க” என்றார். கொஞ்சம் கழித்து அவராகவே, “சின்னது போவட்டும்னுதான் கண்ணி. எல்லாத்தியும் புடிக்கிறதுன்னா வலை எதுக்கு, வேட்டியே போதுமே” என்றார்.

கண்ணி என்பது தப்பவிடுவதற்கான ஏற்பாடு என்பதை எடிங்டனின் ஆய்வாளர் அறியமாட்டார். இன்னொன்றும் அவருக்குத் தெரியாது. செவுள்வலை கீழ் எல்லையை மட்டும் வைப்பதில்லை. கண்ணியைவிடச் சிறிய மீன் நுழைந்து போய்விடும். மிகப் பெரிய மீனுக்குத் தலையே நுழையாது, முட்டித் திரும்பிவிடும். நடுத்தர அளவுதான் செவுளில் மாட்டும். ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு மலைமுகடு போன்ற வரைகோடு உண்டு. அந்தக் கோட்டின் வடிவத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? வெவ்வேறு கண்ணி வலைகளை ஒரே நீரில் போட்டு, பிடிகளை ஒப்பிட வேண்டும். மீன்வள அறிவியலில் சிட்னி ஹோல்ட் 1963-ல் இதைக் கணித முறையாகவே எழுதிவைத்தார். அதாவது மீன் ஆய்வாளர்களே எடிங்டனின் ஆய்வாளரைப் போல நடந்துகொள்வதில்லை.

இனி டிடெக்டர். ஜப்பானின் சுகுபாவில் கே.இ.கே. ஆய்வகத்தில் சூப்பர்கெக்பி என்ற மோதுவளையம் இருக்கிறது. சுற்றளவு மூன்று கிலோமீட்டர். 7 ஜிகா எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள எலெக்ட்ரான்களும் 4 ஜிகா எலெக்ட்ரான் வோல்ட் பாசிட்ரான்களும் அங்கே எதிரெதிராக மோதுகின்றன. மோதும் இடத்தைச் சுற்றி நிற்கும் கருவியின் பெயர் பெல்-2. இந்தியாவிலிருந்து பல நிறுவனங்கள் இதில் பங்கேற்கின்றன, சென்னை ஐ.ஐ.டி.யும் அவற்றில் ஒன்று. சிலிக்கான் பட்டைகளால் ஆன அதன் உள்ளடுக்குகளில் நான்காவது அடுக்கு, மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் குழு ஜப்பானில் வைத்துக் கோத்தது.

இந்த மோதலில் பிறக்கும் பி மேசான் சிதைவதற்கு முன் பயணிக்கும் தூரம் மிகச் சிறியது. ஜோடியாகப் பிறக்கும் இரண்டும் சிதைந்த இடங்களுக்கு நடுவே சராசரி இடைவெளி சுமார் 0.13 மில்லிமீட்டர். ஒரு தலைமுடியின் பருமனைவிடக் கொஞ்சம் அதிகம். அதை அளக்க வேண்டுமென்றால் உணரிகள் மோதுமிடத்துக்கு மிக நெருக்கமாக இருக்க வேண்டும். முதல் அடுக்கு நடு அச்சிலிருந்து 14 மில்லிமீட்டரில் இருக்கிறது.

இங்கேதான் வடிவமைப்பாளரின் தலைவலி ஆரம்பம். துல்லியம் கூட வேண்டுமென்றால் அடுக்குகளைக் கூட்டலாம், சிப்புகளைக் கூட்டலாம். ஆனால் துகள் கடக்கும் ஒவ்வொரு பொருளும் அதைச் சற்றே திசை திருப்பிவிடும். வலையே மீனைக் கலைத்துவிடும் நிலை. அதனால் முதல் அடுக்கின் சிலிக்கானை 75 மைக்ரானுக்குத் தேய்த்து மெலிதாக்கினார்கள். வெளி அடுக்குகளில் இன்னொரு சிக்கல். சிக்னலில் இரைச்சல் கலக்காமல் இருக்க சிப் உணரிக்குப் பக்கத்திலேயே உட்கார வேண்டும், உட்கார்ந்தால் சூடாகும், குளிர்விக்கக் குழாய் வேண்டும், குழாய் என்றால் மறுபடியும் பொருள். உணரியின் இரண்டு முகத்திலும் சிப் வைத்தால் இரண்டு குழாய். இதற்குக் கண்ட வழி, வளையும் மின்சுற்றை உணரியின் விளிம்பைச் சுற்றி மடித்து, எல்லாச் சிப்புகளையும் ஒரே முகத்தில் வரிசையாக உட்காரவைத்து, ஒரே மெல்லிய குழாயால் குளிர்விப்பது. காகித மடிப்புக் கலையின் பெயரால் இதற்கு ஓரிகாமி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். மும்பைக் குழு கோத்த அடுக்கும் இந்த வகைதான்.

2010-ல் வெளியான பெல்-2 தொழில்நுட்ப வடிவமைப்பு அறிக்கையை ஒரு இலக்கிய வகையாக வாசித்துப் பாருங்கள் என்று சொல்வேன். நாயகன் கிடையாது. கண்டுபிடிப்பு எதுவும் அதில் நடப்பதில்லை. நூற்றுக்கணக்கான பக்கங்களுக்கு நடப்பது ஒரே விஷயம்: கருவி எங்கெல்லாம் தோற்கும் என்று அதைக் கட்டப்போகிறவர்களே முன்கூட்டி எழுதிவைப்பது. எலெக்ட்ரான் போகும் திசைக்கு 17 பாகையிலிருந்து 150 பாகை வரைதான் கருவி பார்க்கும். முன்பக்கமும் பின்பக்கமும் கூம்பு வடிவில் இரண்டு ஓட்டைகள், ஏனென்றால் கற்றைகள் உள்ளே வர வழி வேண்டுமே. ஆற்றல் சமமில்லாததால் விளைபொருள்கள் எலெக்ட்ரானின் திசையில் சாயும். அதனால் அந்தப் பக்கத்து ஓட்டை சிறியது. ஓட்டைக்கும் வடிவமைப்பு உண்டு.

நம்மூர் அறிவியல் எழுத்தில் எனக்கு உள்ள மனக்குறை இதைச் சார்ந்தது. 2012 ஜூலையில் ஹிக்ஸ் போஸான் அறிவிப்பு வந்தபோது ‘கடவுள் துகள்’ என்று பத்திரிகைகளில் பத்தி பத்தியாக எழுதினோம். மீனைப் பற்றி எவ்வளவோ எழுதினோம். வலையைப் பற்றி எழுதியது கொஞ்சம்தான். கருவி என்பது உண்மையை அப்படியே காட்டும் ஜன்னல் என்று ஒரு கூட்டம் நம்புகிறது. கருவி காட்டுவதெல்லாம் கருவியின் கற்பனை என்று இன்னொரு கூட்டம் எடிங்டனின் கதையைச் சொல்கிறது. இரண்டு கூட்டமும் வலையைப் பிரித்துப் பார்த்ததில்லை.

பிரித்துப் பார்த்தால் எடிங்டனுக்கு மிக நேரடியான பதில் எலெக்ட்ரான்-பாசிட்ரான் மோதலில்தான் கிடைக்கும். புரோட்டான் ஒரு மூட்டை. இரண்டு மூட்டைகள் மோதும்போது உள்ளே எந்தத் துண்டும் எந்தத் துண்டும் எவ்வளவு ஆற்றலோடு மோதின என்பது தெரியாது. எலெக்ட்ரானும் பாசிட்ரானும் உள்துண்டுகள் அற்றவை. மோதி அழிந்தால் உள்ளே போன மொத்த ஆற்றலும் உந்தமும் நமக்குத் தெரியும். வெளியே வந்ததைக் கூட்டுங்கள். குறைந்தால், குறைந்தது எதுவோ தப்பியிருக்கிறது. எவ்வளவு தப்பியது, எந்தப் பக்கம் போனது என்பதும் தெரிந்துவிடும். வாசலில் எண்ணி அனுப்பிய மீன் இது.

ஜெனீவாவில் 27 கிலோமீட்டர் சுற்றளவில் லெப் மோதுவளையம் 1989-ல் ஓடத் தொடங்கியது. அதன் நான்கு டிடெக்டர்களில் ஒன்றான எல்-3-இல் டாடா நிறுவனத்தினரும் இருந்தார்கள். அங்கே கேட்கப்பட்ட கேள்விகளில் ஒன்று: இயற்கையில் லேசான நியூட்ரினோ எத்தனை வகை? எந்த டிடெக்டரிலும் அந்த நியூட்ரினோக்கள் சிக்கவில்லை, சிக்கவும் தேவைப்படவில்லை. இசட் போஸான் எத்தனை வேகமாகச் சிதைகிறது என்பதை மொத்தமாக அளந்து, கண்ணில் பட்ட சிதைவுகளின் பங்கைக் கழித்தார்கள். மிஞ்சியது கண்ணில் படாததின் பங்கு. அதை ஒரு நியூட்ரினோ வகைக்குரிய பங்கால் வகுத்தால் கிடைத்த விடை, 2006-ல் வெளியான இறுதித் தொகுப்பின்படி 2.984, பிழை வரம்பு 0.008. மூன்று வகை. வலையில் ஒன்றுகூட அகப்படாத மீனைப் பற்றி இத்தனை துல்லியம்!

இதே வழியில் பெல்-2 இன்னும் கடினமான ஒன்றைச் செய்தது. பி மேசான் அபூர்வமாக ஒரு கேயானாகவும் இரண்டு நியூட்ரினோக்களாகவும் சிதைய வேண்டும் என்பது கோட்பாடு. இரண்டு நியூட்ரினோவும் தப்பிவிடும். கையில் மிஞ்சுவது கேயான் மட்டும். 2019 முதல் 2022 வரை சேர்ந்த ஏறக்குறைய 38.7 கோடி பி மேசான் ஜோடிகளில் தேடி, 2023-ல் முடிவை அறிவித்தார்கள். இந்தச் சிதைவு நடக்கிறது என்பதற்கு 3.5 சிக்மா அளவில் முதல் சான்று. லட்சத்தில் இரண்டு முறை போல நடக்கிறது. கோட்பாடு எதிர்பார்ப்பது லட்சத்தில் அரை. வேறுபாடு 2.7 சிக்மா. புதிய இயற்பியல் என்று கூத்தாட இது போதாது, ஒதுக்கவும் முடியாது.

என்னை அசரவைத்தது முடிவல்ல, சோதனை முறை. தப்பியதைத் தேடும் கணக்கு சரிதானா என்று எப்படிப் பார்ப்பது? பி மேசான் கேயானாகவும் ஜே/சை துகளாகவும் சிதைந்து, ஜே/சை இரண்டு மியூவான்களாக மாறும் நிகழ்வுகள் நிறையக் கிடைக்கின்றன. மியூவான்கள் நன்றாகவே சிக்கும். அந்த நிகழ்வுகளை எடுத்து, சிக்கிய இரண்டு மியூவான்களையும் தரவிலிருந்து வேண்டுமென்றே அழித்தார்கள். கேயானையும் தேடும் சிதைவுக்குப் பொருந்துமாறு மாற்றிவைத்தார்கள். இப்போது அது பார்வைக்கு இரண்டு நியூட்ரினோ தப்பிய நிகழ்வு போலவே இருக்கும். அதைத் தங்கள் மென்பொருளுக்குக் கொடுத்து, கண்டுபிடிக்கிறதா, எத்தனை சதவீதம் என்று பார்த்தார்கள். கையில் இருந்த மீனை நீரில் விட்டு, தப்புவது எப்படியிருக்கும் என்று கற்றுக்கொண்டார்கள்.

என் தொழிலிலும் இதற்கு ஒரு சின்ன வடிவம் உண்டு. கண்காணிப்புத் திரையில் ‘பிழைகள்: 0’ என்று பச்சையாக எரிந்தால் அனுபவசாலி சந்தோஷப்படமாட்டார். பிழை இல்லையா, பிழையைப் பதிகிற நிரல் செத்துக்கிடக்கிறதா என்று பார்க்க, வேண்டுமென்றே ஒரு பிழையை உள்ளே விடுவார். சிவப்பு எரிந்தால்தான் அந்தப் பூஜ்யத்துக்கு மதிப்பு.

எடிங்டனுக்கு நியாயமும் செய்ய வேண்டும். தெரிந்த ஓட்டையைத்தான் கணக்கில் வைக்க முடியும். எல்லா மோதலையும் சேமிக்க இடமில்லை. எதைப் பதிவு செய்வது என்று ட்ரிகர் என்னும் மின்னணு அமைப்பு நொடிப்பொழுதுக்குள் முடிவெடுக்கிறது. பெல்-2-இல் நொடிக்கு அதிகபட்சம் 30,000 நிகழ்வுகள். மற்றவை போனது போனதுதான். 1999 முதல் 2010 வரை ஓடிய பழைய பெல்லில், ஒரே ஒரு ஃபோட்டான் மட்டும் தெரிந்து வேறெதுவும் இல்லாத நிகழ்வுக்கென்று ட்ரிகர் கிடையாது. இருள் பொருளோடு தொடர்புள்ள துகள் அந்த வடிவில் வெளிப்படலாம் என்ற எண்ணம் பிறகு வலுத்தது. பெல்-2-இல் அதற்கு ட்ரிகர் வைத்தார்கள். பழைய பத்தாண்டில் அப்படி ஏதும் நடந்திருந்தால் அது பதிவாகவில்லை. யோசிக்காத மீனுக்கு யாரும் வலை பின்னுவதில்லை. இந்த இடத்தில் எடிங்டன் சொல்வது நிற்கிறது. ஆனால் அந்தப் போதாமையைச் சொன்னது தத்துவவாதி அல்ல, அடுத்த வலையைப் பின்னியவர்கள். எழுதியும் வைத்தார்கள்.

இன்னொரு வேறுபாட்டையும் மறைக்கக் கூடாது. ஏரி மோதுவளையம் அல்ல. உள்ளே எத்தனை மீன் போனது என்று எண்ணித் தர முகத்துவாரத்தில் யாருமில்லை. உள்ளே போனது தெரியாத இடத்தில், வலையை அறிவது இன்னும் முக்கியமாகிறது.

இப்போது ஏரிக்கே திரும்புகிறேன். எடிங்டனின் ஆய்வாளர் கற்பனை ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்தால் அது சரியல்ல. அவர் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடுகளில் உயிரோடு இருக்கிறார். பழவேற்காட்டுக்குத் தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,000 ஏக்கருக்கு மேல் விரிவாக்கும் திட்டம் இருக்கிறது. அதற்கான பொதுமக்கள் கருத்துக்கேட்பு 2021 ஜனவரி, 2023 செப்டம்பர் என இருமுறை அறிவிக்கப்பட்டுத் தள்ளிப்போனது. குறிப்பிட்ட ஓர் அறிக்கையை இங்கே நான் விமர்சிக்கவில்லை. அந்த எழுத்து வகையைச் சொல்கிறேன். விரைவு மதிப்பீடு என்றால் மழைக்காலம் நீங்கலாக ஒரு பருவத் தரவு போதும் என்பது இங்கே நெடுநாள் வழக்கம். பழவேற்காட்டில் மழைக்காலத்தை நீக்கினால் மிஞ்சுவது என்ன? ஆறு வருவது அப்போது, முகத்துவாரம் திறப்பது அப்போது, நீரின் உப்பு மாறுவது அப்போது. வாசல் திறந்திருக்கும் மாதங்களை விட்டுவிட்டு வீட்டுக்குள் வந்தவர்களை எண்ணுவது போன்றது அது.

பிடித்த மீனின் எடையை வைத்து ஏரியை மதிப்பிடுவதிலும் இதே ஓட்டை. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில் கடலுக்குப் போகக் கூடாது என்பார்கள். அன்றைய பூஜ்யம் மீன் இல்லாததால் வந்த பூஜ்யம் அல்ல, வலை இறங்காததால் வந்தது. பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பளவு நீரில் சேற்றைத் துழாவி விரலால் இறால் பிடிக்கும் இருளர் பெண்களின் பிடி, ஏலத்துக்கு வராமல் கூடையோடு தெருவுக்குப் போனால் எந்த எடைக்கல்லும் அதை அறியாது. இயற்பியல் அறிக்கையாக இருந்திருந்தால் கருவி ஓடாத நேரத்தைக் கழித்திருப்பார்கள், கருவி எட்டாத இடத்தைப் படம் போட்டுக் காட்டியிருப்பார்கள். ஏரி பற்றிய ஆவணத்தில் ‘காணப்படவில்லை’ என்ற ஒரு சொல், ‘இல்லை’ என்ற பொருளோடு அடுத்த மேசைக்குப் போய்விடுகிறது. சுகுபாவில் அப்படி ஒரு பிழை நேர்ந்தால் ஒரு கட்டுரை திரும்பப் பெறப்படும். இங்கே நேர்ந்தால் ஒரு ஓடை தூர்ந்துபோகும்.

அதனால் கருத்துக்கேட்பு மறுபடி அறிவிக்கப்படும் நாளில், டிடெக்டர் வடிவமைப்பவர்களிடமிருந்து மூன்று கேள்விகளை இரவல் வாங்கிக்கொள்ளலாம். எந்த மாதங்களில் எத்தனை நாள் பார்த்தீர்கள்? எந்த வலை, என்ன கண்ணி, எந்த ஓடையில்? ஏரியில் இருந்தும் உங்கள் வலையில் சிக்காதது எவ்வளவு, அதை எப்படிச் சோதித்தீர்கள்? முதல் இரண்டுக்கும் எப்படியாவது பதில் தயார் செய்துவிடுவார்கள். மூன்றாவதற்குப் பதில் இல்லாத அறிக்கை, எண்களை எத்தனை தசமம் வரை கொடுத்திருந்தாலும், இரண்டு அங்குலத்துக்குக் குறைந்த மீனே இல்லை என்று சொன்னவர் எழுதியதுதான்.